30-வது ஷாட்டுக்கு மேல் குரூப் விலகுகிறது: பேரலா, சைட்டா, கண்ணா?

திருநகர்_10மீ:
எல்லோருக்கும் வணக்கம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன், வயது 46. இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐரோப்பியத் தயாரிப்பு. அதோடு வந்த கிரிப் என் கைக்குப் பெரியது. செல்லூரில் ஒரு தச்சரிடம் பத்து தடவை போய் உட்கார்ந்து, தேக்கில் என் உள்ளங்கைக்கு ஏற்றமாதிரி செதுக்கி வாங்கினேன். ட்ரிகர் பிளேடும் ரியர் சைட் (குறி பார்க்கும் பின் பாகம்) பிளேடும் முன்பு வைத்திருந்தவர் மாற்றியவை. அதனால் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்ய வழியில்லை.

பிரச்சினை இதுதான். பத்து ஷாட் ஒரு சீரிஸ், நூற்றுக்கு மதிப்பெண். முதல் மூன்று சீரிஸ் நன்றாகப் போகிறது. நேற்று 93, 93, 94. அப்புறம் குரூப் (ஓட்டைகள் சேர்ந்து விழும் இடம்) இடப்பக்கம் நகர ஆரம்பிக்கிறது. ரியர் சைட்டைத் திருகி நான்கு கிளிக் (திருகின் ஒரு சின்னப் படி) வலப்பக்கம் வைக்கிறேன். ஐந்து ஷாட் நடுவில் விழும், ஆறாவது வலப்பக்கம் எட்டு மதிப்பெண் வட்டத்தில். இரண்டு கிளிக் திரும்ப எடுக்கிறேன், மறுபடி இடது. கடைசி மூன்று சீரிஸில் ஒன்றுகூட 85-ஐத் தாண்டவில்லை. மொத்தம் 600-க்கு 531. தை மாதம் இதே பிஸ்டலில் 552 சுட்டிருக்கிறேன்.

பேரல் தேய்ந்துவிட்டது, மாற்று என்கிறார் ரேஞ்சில் ஒருவர். அதற்கு ஆகும் பணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. யாராவது வழி சொல்லுங்கள்.

பழங்காநத்தம்_கோச்:
தம்பி, முதலில் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இன்றிலிருந்து காரணம் தெரியும்வரை ஒரு கிளிக்கூட நகர்த்தாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும்? பெரும்பாலும் 330 மி.மீ. பக்கம் இருக்கும். டார்கெட் 10,000 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது சைட்டில் 0.1 மி.மீ. பிசகினால் டார்கெட்டில் 3 மி.மீ. பிசகும். பத்து வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். பெல்லட் (ஈயக் குண்டு) கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், நடுவிலிருந்து 8 மி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் போனால் ஒன்பது. சைட்டில் ஒரு தலைமுடி கனத்துக்கு மூன்று நான்கு மடங்கு நகர்ந்தாலே பத்து கையைவிட்டுப் போய்விடும்.

இந்த அளவு தவறு மூன்று இடத்திலிருந்து வரலாம்: பிஸ்டல், சைட், ஆள். மூன்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் கிளிக் வைத்துத் துரத்தும்போது நான்காவதாக ஒரு தவறையும் சேர்க்கிறீர்கள்.

ஆளை முதலில் விலக்கிப் பாருங்கள். மேசையில் மணல் மூட்டை போட்டு, பிஸ்டலின் உடல் பகுதியை அதில் அமர்த்துங்கள். பேரலோ காற்று அடைத்த சிலிண்டரோ மூட்டையைத் தொடக் கூடாது. ஒரே காகித டார்கெட்டில் ஐந்து ஷாட். அப்படி எட்டு டார்கெட். இடையில் எதையும் மாற்றக் கூடாது. வழக்கமாக எப்படி லோடு செய்வீர்களோ அப்படியே லோடு செய்யுங்கள். எட்டு காகிதத்தையும் வரிசை எண் போட்டு வையுங்கள்.

கப்பலூர்_லேத்:
கோச் ஐயா சொன்ன டெஸ்ட்டுக்கு முன் ஒரு ஐந்து நிமிட வேலை. முன் சைட் திருகு, ரியர் சைட்டை உடலோடு பிடிக்கும் திருகு, கிரிப் திருகு, பேரல் பிடிப்பு, நான்கையும் சரியான அளவு ஆலன் கீ வைத்துத் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பதுதான், பலம் போட்டு முறுக்குவது இல்லை. அலுமினியத்தில் ஏறிய சின்னத் திருகு, புரி கழன்றுவிட்டால் அப்புறம் என்னிடம்தான் வர வேண்டும்.

திருகு சரியாக இருந்தால் அதன் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே நகப்பூச்சில் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். திருகு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். பட்டறையில் எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் அடையாளம் வைப்போம்.

தேக்கு கிரிப் என்கிறீர்கள். கத்திரி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், கை வியர்வையில் ஊறும். ஆறு மாதம் முன்பு இறுக்கமாக இருந்தது இப்போதும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பேரல் பற்றி: ஈயப் பெல்லட், நொடிக்கு 150 மீட்டர் பக்கம் வேகம், வெடிமருந்துச் சூடு கிடையாது. அந்தப் பேரல் நம் காலத்தில் தேயாது. தவறான கம்பியை உள்ளே விட்டுச் சுத்தம் செய்து வாயைக் கீறினால்தான் கெடும். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள்.

மேலூர்_தம்பி:
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் பிஸ்டலில் காற்று இறங்குகிறது. 200 பார் (அழுத்த அளவு) ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் 185. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 150. சைக்கிள் கடையில் கிரீஸ் வாங்கி, காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கில் தடவலாமா?

கப்பலூர்_லேத்:
தடவவே கூடாது, தம்பி. பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் எதுவும் உயர் அழுத்தக் காற்றோடு சேரக் கூடாது. சட்டென்று அழுத்தம் ஏறும்போது சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. ஓ ரிங்கையும் கெடுத்துவிடும். சிலிக்கோன் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும்.

200 உடனே 185 ஆனது கசிவாக இருக்க வேண்டியதில்லை. வேகமாக ஏற்றினால் காற்று சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கும். மெதுவாக ஏற்றுங்கள். ஆனால் இரண்டு நாளில் 150 என்பது நிஜமான கசிவு. அது சிலிண்டரிலா பிஸ்டலிலா என்று பிரிக்க வேண்டும். இன்று இரவு சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள், அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அதே அளவு இருந்தால் சிலிண்டர் நல்லது, கசிவு பிஸ்டல் பக்கம். குறைந்திருந்தால் சிலிண்டர் வாயில் சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

சிலிண்டரின் வால்வைக் காற்று இருக்கும்போது திறக்கப் போகாதீர்கள். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. அதன் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பல நிறுவனங்கள் பத்து வருடம்தான் ஆயுள் என்று எழுதியிருக்கும்.

பழங்காநத்தம்_கோச்:
இதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் இருக்கிறதே என்று ஆக்ஸிஜனை ஏற்ற நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உயிர் போகும் வேலை அது. காற்று மட்டும்தான்.

அடுத்து, நிறைய பேர் பிஸ்டல் பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு மாட்டுத்தாவணியில் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறீர்கள். 25 டிகிரியில் 200 பார் ஏற்றிய சிலிண்டர், பூட்டிய காரில் 60 டிகிரி சூட்டில் 220-ஐத் தாண்டிவிடும். பெட்டி வீட்டுக்குள் வரட்டும்.

உசிலம்பட்டி_ஷூட்டர்:
திருநகர் அண்ணே, உங்கள் சைட் பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. எங்கள் ரேஞ்சில் வலப்பக்கம் ஜன்னல். காலை பத்து மணிக்கு மேல் வெயில் உள்ளே வரும். முன் சைட்டின் கறுப்பு போய் ஓரத்தில் வெள்ளி தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வெயில் பட்ட ஓரம் மினுங்கி, கம்பத்தின் ஒரு பக்கம் கரைந்தமாதிரி தெரியும். நான் அந்தக் கரைந்த ஓரத்தை விட்டுவிட்டு நடுப்படுத்தியிருக்கிறேன். குரூப் அப்படியே ஒரு பக்கம் போனது.

என் கோச் அக்கா செய்து காட்டிய வைத்தியத்தைச் சொல்கிறேன். முன் சைட் பிளேடைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிஸ்டலும் சிலிண்டரும் வேறு அறையில். ஒரு சில்லு சூடத்தைக் கரண்டியில் வைத்துக் கொளுத்தி, பிளேடை இடுக்கியில் பிடித்து அந்தக் கரும்புகையில் இரண்டு மூன்று நொடி காட்டினால் போதும். அகல் விளக்கில் கண்மை எடுக்கும்போது தட்டில் படியுமே, அந்தக் கறுப்பு. வெல்வெட் மாதிரி, வெளிச்சத்தை விழுங்கிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மினுங்காது. விரல் பட்டால் போய்விடும், அதனால் மாட்டும்போது அடியைத்தான் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பிளேடாக இருந்தால் செய்யாதீர்கள், உருகிவிடும். உலோகத்துக்கு மட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டாம் அண்ணே. 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பிஸ்டல் பழுதானது. நேரம் போய், 575-ல் 12-வது இடத்தோடு வெளியே வந்தார். 2024-ல் பாரிஸில் அதே பத்து மீட்டர் பிஸ்டலில் வெண்கலம். அந்த ஃபைனலை நான் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு பேரும் அழுதுவிட்டோம். பிஸ்டல் கோளாறு எல்லோருக்கும் வரும்.

திருநகர்_10மீ:
எல்லோருக்கும் நன்றி. மணல் மூட்டை டெஸ்ட் முடிந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிகிறது.

திருகுகள் சரி. கிரிப் திருகு மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். எட்டு டார்கெட், நாற்பது ஷாட். குரூப் சிதறவில்லை. ஆனால் பல காகிதங்களில் ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது! 3-வது காகிதத்தில் இடப்பக்கம் மூன்று பெல்லட் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஓட்டை, வலப்பக்கம் இரண்டு பெல்லட் ஒரே ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் 7 மி.மீ. 5, 6, 8-லும் இதே. நடுவில் ஒன்றுமே இல்லை. பேரல் மோசமாக இருந்தால் எல்லாப் பக்கமும் சிதறாதா?

இன்னொன்று, காலையில் சுட்ட முதல் ஷாட் மட்டும் 3 மி.மீ. மேலே.

பழங்காநத்தம்_கோச்:
அருமையாகச் செய்திருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பையன்களுக்குக் காட்ட எனக்கு வேண்டும்.

ஒரே ஓட்டையில் மூன்று பெல்லட் போகிற பேரலுக்கு ஒரு குறையும் இல்லை. பெல்லட்டும் சரி. ஏதோ ஒன்று இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது. பக்கவாட்டில் மட்டும் மாறுகிறது. என் கை ரியர் சைட்டைத்தான் காட்டும்.

பிஸ்டலில் காற்றோ பெல்லட்டோ இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ரியர் சைட் பிளேடை நகத்தால் இடமும் வலமுமாக மெல்லத் தள்ளுங்கள். அசைகிறதா? அப்புறம் இன்னொரு கேள்வி. லோடு செய்ய லிவரைத் திறக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருக்கிறது?

முதல் ஷாட் மேலே போவதற்குக் காரணம் ரெகுலேட்டர், பிஸ்டலுக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம். இரவெல்லாம் சும்மா இருக்கும்போது உள்ளே அழுத்தம் கொஞ்சம் ஏறிவிடுகிறது. வேகம் நொடிக்கு 150 மீட்டரிலிருந்து 160 ஆனால் பத்து மீட்டரில் பெல்லட் விழும் அளவு சுமார் 3 மி.மீ. குறையும். உங்கள் கணக்கும் அதுதான் சொல்கிறது. போட்டியில் முதல் 15 நிமிடம் பயிற்சி ஷாட் கொடுக்கிறார்கள், அதில் கரைந்துவிடும். உங்கள் எட்டுகளுக்குக் காரணம் அது இல்லை. ஆனால் ஒருநாள் க்ரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிடலாம்.

திருநகர்_10மீ:
ஐயா, அசைகிறது. நகத்தால் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம், பிளேடு அந்தப் பக்கம் போய் நின்றுவிடுகிறது. திரும்பத் தள்ளினால்தான் வருகிறது. வண்டி வால்வுக்கு வைத்திருக்கும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளியில் விட்டுப் பார்த்தேன். 0.20 மி.மீ. தகடு போகிறது, 0.25 போகவில்லை. உங்கள் கணக்குப்படி டார்கெட்டில் 6 மி.மீ.க்கும் 7.6-க்கும் நடுவில். காகிதத்தில் 7!

கை விஷயம் கேட்டீர்கள். மனைவியை மொபைலில் வீடியோ எடுக்கச் சொன்னேன். ஆரம்பத்தில் இடது கை பிஸ்டலின் உடலைப் பிடிக்கிறது. களைத்த பிறகு கை மேலே ஏறி, கட்டைவிரல் நேராக ரியர் சைட்டின் மேலேயே அழுத்துகிறது. லிவரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நானே பிளேடைத் தள்ளியிருக்கிறேன். 30-வது ஷாட்டுக்கு மேல்தான் ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. பார்க்கும்போது மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் என் கண்ணையும் கையையும் நம்பாமல் இருந்தேன்.

கப்பலூர்_லேத்:
பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளி வைக்க உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது செத்திருக்கும், அல்லது மாற்றியவர் வேறு அளவில் போட்டிருப்பார். நிறுவனத்தின் ஸ்பிரிங்குக்கு ஏஜென்ட்டிடம் எழுதிவிடுங்கள். வரும்வரை தற்காலிகமாக: மேலமாசி வீதிப் பக்கம் பழைய கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்களிடம் மெல்லிய ஸ்பிரிங் கம்பி கிடைக்கும். ரியர் சைட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள். கழற்றும்போது வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள். அந்த ஸ்பிரிங் துள்ளினால் தரையில் தேடிக் கிடைக்காது.

மாட்டிய பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். கிளிக் வைக்கும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள். இடப்பக்கம் இரண்டு வேண்டுமென்றால் ஆறு போய், நான்கு திரும்ப வாருங்கள். திருகின் புரியில் இருக்கும் ஆட்டம் ஒரே பக்கம் அமர்ந்துவிடும். லேத்தில் ஸ்லைடை அப்படித்தான் கொண்டுவருவோம்.

மேலூர்_தம்பி:
என் சிலிண்டர் இரவெல்லாம் 190-லேயே நின்றது. கசிவு பிஸ்டல் பக்கம்தான். சிலிண்டர் வந்து அமரும் இடத்து ஓ ரிங்கைப் பார்த்தால் ஒரு இடத்தில் நூல் அளவு வெட்டு. புதிது போட்டு, சிலிக்கோன் தடவினேன். இப்போது நிற்கிறது. நன்றி அண்ணே.

ட்ரிகருக்கு ஒரு கேள்வி. போட்டியில் ட்ரிகர் 500 கிராமையாவது தாங்குகிறதா என்று எடை தொங்கவிட்டுப் பார்ப்பார்களாமே. வீட்டில் அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன், ட்ரிகர் விழவில்லை. சரிதானே?

பழங்காநத்தம்_கோச்:
பால் தண்ணீரைவிடக் கனம், தம்பி. அரை லிட்டர் 515 கிராம் வரும். அதைத் தாங்கினால் நல்லதுதான். ஆனால் பாக்கெட்டின் கயிறு ட்ரிகரின் நடுவில் விழ வேண்டும். நுனியில் மாட்டினால் வேறு கணக்கு ஆகிவிடும். பேரல் செங்குத்தாக மேலே பார்க்க வேண்டும். காற்றும் ஏறியிருக்க வேண்டும், காற்றில்லாமல் சோதித்தால் செல்லாது. இதையெல்லாம் பெல்லட் இல்லாமல், பாதுகாப்பான திசையில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

500-லேயே கத்தி முனையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 510, 515 வைத்தால் சுடுவதில் வித்தியாசமே தெரியாது. போட்டி முடிந்த பிறகும் சிலரைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அதில் விழுந்தால் தகுதி நீக்கம். அறுபது ஷாட் நன்றாகச் சுட்டுவிட்டு அப்படி அழுதுகொண்டு போன பிள்ளையை ஒருநாள் நான் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

திருநகர்_10மீ:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஸ்பிரிங்கின் ஒரு முனை வளைந்து, மூன்று சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. லென்ஸை எனக்கும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அரிசி மணியைவிடச் சின்னது. அதே கனத்தில் கம்பி எடுத்து, ஊசியில் சுற்றி, என் எதிரிலேயே செய்து கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

மறுபடி எட்டு காகிதம். எல்லாவற்றிலும் ஒரே ஓட்டை. நகத்தால் தள்ளினால் பிளேடு தானே திரும்பி வந்து நிற்கிறது. லிவரைத் திறக்கும்போது இடது கை இருக்க வேண்டிய இடத்தில் கிரிப்பின் பக்கம் ஒரு துண்டு ஒட்டுத்துணி ஒட்டியிருக்கிறேன். விரல் அதைத் தொட்டால்தான் லிவர்.

நின்று சுட்டேன், 546. கடைசி இரண்டு சீரிஸ் 90, 89. இடது வலது விலகல் இல்லை. ஆனால் கடைசியில் முன் சைட் மங்குகிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் சைட் தெளிவு, டார்கெட் காணாமலே போய்விடுகிறது. வெள்ளெழுத்துதான், தெரியும். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

பழங்காநத்தம்_கோச்:
படிக்கும் கண்ணாடி ஒரு முழத் தூரத்துக்கு. உங்கள் முன் சைட் நீட்டிய கையின் முனையில், ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கிறது. தூரப் பார்வைக்கு என்ன பவரோ அதோடு +0.50 அல்லது +0.75 மட்டும் கூட்டிய லென்ஸ் போதும். சைட் கூர்மையாகவும், டார்கெட் மங்கலான கறுப்பு உருண்டையாகவும் தெரிய வேண்டும். மங்கலாக இருப்பதுதான் சரி. கண் பரிசோதனைக்குப் போகும்போது முன் சைட் தூரத்தை அளந்து நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். அந்தத் தூரத்தில் ஒரு குச்சியை நிறுத்தி லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கண் களைப்பதற்கு இன்னொரு காரணம் நீங்கள் ஷாட்டைப் பிடித்துக்கொண்டே நிற்பது. வீடியோவில் எண்ணினேன், 14 நொடி. எட்டு நொடிக்குள் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். மேசையில் வைத்து மூச்சு விட்டு, மறுபடி தூக்குங்கள். தினமும் வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் சுடுவது), டார்கெட்டே வேண்டாம், சைட் மட்டும்.

திருநகர்_10மீ:
சரி ஐயா. நாளைக்கே கண்ணுக்குப் போகிறேன். ஞாயிறு காலை க்ரோனோகிராஃப் கிடைக்குமா?

பழங்காநத்தம்_கோச்:
ஏழு மணிக்குக் கொண்டுவருகிறேன். சனி இரவு காற்று ஏற்றி அப்படியே வைத்துவிடுங்கள். அந்த முதல் ஷாட்டை என் எதிரில்தான் சுட வேண்டும். அந்த 3-வது காகிதத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.